வெனிஸ் மாநகரமும் அங்கே குடியேறியவர்களும்

ரயில்வே உத்தியோகத்தில் இருப்பவனுக்கு எந்த ஊரைப் பற்றிப் படித்தாலும், அங்கே ரயில் எவ்வழியாகச் செல்கிறது என்றே முதலில் பார்க்கத் தோன்றும். இத்தாலி தேசத்தின் வடகிழக்கே, ஆட்ரியாட்டிக் கடலோரத்து உப்பங்கழியின் நடுவே அமைந்துள்ள வெனிஸ் நகருக்கு ரயில் தண்ணீரின் மேலேயே செல்கிறது. 222 வளைவுகளைக் கொண்டு, மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள அந்தப் பாலம் 1846ஆம் ஆண்டு ஜனவரி மாதம் திறக்கப்பட்டது. 1914இல் திறந்த நமது பாம்பன் பாலத்துக்கு அது 68 ஆண்டுகள் மூத்ததாகும். அதற்கு முன்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரை அடையப் படகையே நம்ப வேண்டியிருந்தது.

வெனிஸைப் பற்றி எழுதுவோர் அதன் படகுகளையும் மாளிகைகளையும் நிலாவொளியில் மின்னும் நீரையும் வருணிப்பது வழக்கம். பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்து, அயல் மொழியாரிடையே வாழும் நமது குடும்பங்களுக்கோ அந்நகரின் சரித்திரத்தில் வேறொரு செய்தியே முக்கியமெனத் தோன்றுகிறது. அது வந்தவர்களால் உண்டான ஊர்.

ஆதியில் அந்தத் தீவுகளில் மீன் பிடிப்போரும் உப்பு விளைவிப்போருமாகச் சிலரே வாழ்ந்தனர். 452ஆம் ஆண்டு ஹூணர்களின் தலைவன் அட்டிலா அக்குவிலேயா நகரைச் சூறையாடினான். 568க்குப் பின் லம்பார்டியர் படையெடுத்து வந்தனர். அப்போதெல்லாம் கரையிலிருந்த மக்கள் உயிர் தப்பி உப்பங்கழிக்குள் ஓடிவந்தனர். குதிரைப் படை தண்ணீரைக் கடந்து வாராது என்பதே அவர்களுக்கிருந்த ஒரே தைரியம். சேற்றுநிலத்தில் மரக்கம்புகளை நெருக்கமாக அறைந்து இறக்கி, அவற்றின்மேல் கல்லை அடுக்கி வீடு எழுப்பினர். காற்றுப் படாமல் சேற்றில் புதைந்த மரம் எளிதில் உளுத்துப் போவதில்லை. 1630ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க்குப் பின் எழுப்பிய சலூத்தே என்னும் தேவாலயம் மட்டுமே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கம்புகளின்மீது நிற்பதாகக் கூறுவர். இவ்வாறு 118 தீவுகளில் பரவிய நகரம் அது.

விளைநிலம் இல்லாத ஊர் வியாபாரத்தைக் கொண்டே வாழ முடியும். முதலில் உப்பு விற்றனர்; பின்னர் மிளகு. நமது மேற்குக் கடற்கரையில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியே எகிப்துக்குப் போய், அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில் வெனிஸ் வணிகர் கைக்கு மாறி, அங்கிருந்து ஜெர்மானியருக்கு விலையாயிற்று. கப்பல் கட்டுவதற்கென்றே அர்செனால் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை இருந்தது. பல்லாயிரம் தொழிலாளர் அங்கே வேலை செய்தனர். 1284 முதல் அடித்த டூக்கட் என்னும் பொற்காசு நம் நாட்டுக் கடற்கரை வரை செலாவணியாயிற்று.

என்போன்ற குமாஸ்தாக்கள் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பற்று ஒருபுறம், வரவு ஒருபுறமாக எழுதி, இரண்டையும் சரிக்கட்டும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி லூக்கா பச்சோலி என்னும் துறவியார் எழுதிய நூல் 1494இல் வெனிஸில்தான் அச்சாயிற்று. தாம் கூறுவது வெனிஸ் வணிகரின் வழக்கமே என அவரும் ஒப்புக்கொண்டார். மாதக் கடைசியில் பாலன்ஸ் ஷீட் தயாரித்துக் கண் பூத்துப்போன என் சகாக்கள் இனி யாரை நொந்துகொள்வது என்று அறிவார்களாக!

வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ பாண்டியரின் காயல் துறைமுகத்தைப் பற்றியும், முத்துக் குளிப்பைப் பற்றியும் கூறியதை நம்மவர் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பர். ஆகவே அதனை விரிக்கவில்லை.

வியாபாரம் செழித்த இடத்துக்குப் பல தேசத்தாரும் வந்தனர். வந்தவர்கள் தத்தம் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். ‘ஸ்குவோலா’ என்பது அச்சங்கங்களின் பெயர். சொல்லுக்குப் பள்ளிக்கூடம் என்பது பொருளாயினும், உண்மையில் அவை பரஸ்பர உதவிச் சங்கங்களே. உறுப்பினர் சந்தா செலுத்துவர், நோயுற்றவருக்கு உதவுவர், ஏழைப் பெண்ணின் விவாகத்துக்குப் பொருள் தருவர், இறந்தவரை முறைப்படி அடக்கம் செய்வர். நமது சங்கத்தின் ஆண்டறிக்கையை வாசிப்பது போலவே இருக்கிறது அன்றோ?

அல்பேனியர் 1442இல் சங்கம் கண்டனர். 1479இல் அவர்களுடைய ஸ்குடாரி நகரம் துருக்கியர் வசமானதும் மேலும் பலர் வந்து சேர்ந்தனர். பின்னர் எழுப்பிய தங்கள் சங்கக் கட்டடத்தின் முகப்பில், அந்தக் கோட்டை முற்றுகையிடப்பட்ட காட்சியை அவர்கள் கல்லில் செதுக்கி வைத்தனர். திரும்பிப் போக இயலாத ஊரை வாயிற்சுவரில் வைத்து, நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தவர்களின் மனநிலையை நாம் ஊகிக்கலாம். டால்மேஷியக் கரையிலிருந்து வந்த மாலுமிகள் 1451இல் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். 1502க்குப் பின் கார்ப்பாச்சோ என்னும் ஓவியர் அதற்கென வரைந்த சித்திரங்கள் இன்றும் அங்கேயே உள்ளன. மாலுமிகளின் சந்தாப் பணம் உலகம் புகழும் ஓவியமாயிற்று! கிரேக்கர் 1498இல் சங்கம் அமைக்க அனுமதி பெற்று, 1539இல் தங்கள் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கி, 1573இல் முடித்தனர். அவர்களிடையே இருந்த அறிஞர்களின் துணையால்தான் ஆல்டஸ் மனுஷியஸின் அச்சகத்திலிருந்து கிரேக்க நூல்கள் வெளிவந்து ஐரோப்பா எங்கும் பரவின.

ஆர்மீனியரின் கதை நம்மையும் தொடுவது. மெகித்தார் என்னும் துறவி துருக்கியருக்கு அஞ்சிச் சீடர்களுடன் வெனிஸ் வந்தடைந்தபோது, 1717இல் அரசாங்கம் அவருக்குச் சான் லாசரோ என்ற சிறு தீவைக் கொடுத்தது. முற்காலத்தில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த தீவு அது. அங்கே மடமும் நூல்நிலையமும் அச்சகமும் தோன்றின. 1836இல் வெனிஸ் நகரில் ஆர்மீனியச் சிறுவர்களுக்காக மூராத்–ராபேல் கல்லூரி ஏற்பட்டது. அதற்குரிய பொருளை விட்டுச் சென்ற மூராத், ராபேல் ஆகிய இருவரும் மதராஸ் பட்டணத்து ஆர்மீனிய வணிகர்களாவர்! ஆர்மீனிய மொழியின் முதற் பத்திரிகை 1794இல் அதே மதராஸில்தான் வெளிவந்தது. சென்னையில் ஆர்மீனியன் தெருவைக் கடந்து சென்ற நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்? பாரசீகத்தை விட்டுச் சென்னைக்கு வந்த ஒரு சமூகம், வெனிஸில் வாழும் தம்மவர் பிள்ளைகள் தாய்மொழி மறவாதிருக்கப் பொருள் கொடுத்தது. 1997இல் அக்கல்லூரி மூடப்பட்டது.

வெனிஸ் தயாளகுணமே உருவானது என்று எண்ணிவிடலாகாது. ஜெர்மானிய வணிகர் குறிப்பிட்ட ஒரே விடுதியில் தங்கி, அதிகாரிகளின் கண்ணெதிரிலேயே கொள்வினை கொடுப்பினை செய்யவேண்டும். யூதருக்கோ 1516இல் ஒரு தனித் தீவு ஒதுக்கப்பட்டது. இரவில் அதன் கதவுகளைப் பூட்டிவிடுவர். அக்கதவைக் காக்கும் காவலருக்கும் யூதரே கூலி கொடுக்கவேண்டும். உலைக்களம் இருந்த அவ்விடத்தின் பெயரான ‘கெட்டோ’ என்பதே, ஒரு சமூகத்தை ஒதுக்கி வைக்கும் சேரிகளுக்கெல்லாம் பிற்காலத்தில் பெயராக நிலைத்துவிட்டது. 1797இல் நெப்போலியனின் சேனை வந்தபோதுதான் அக்கதவுகள் அகற்றப்பட்டன. அதே ஆண்டு மே 12ஆம் தேதி வெனிஸ் குடியரசும் முடிவுற்றது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது முதலே அதன் மிளகு வியாபாரம் ஆட்டங்கண்டிருந்தது. பின்னர் ஆஸ்திரியாவின் கீழிருந்து, 1866இல் இத்தாலியுடன் இணைந்தது.

வந்தவர்களால் உண்டான அந்த ஊர் இன்று தன் மக்களை இழந்து வருகிறது. 1951இல் பழைய நகரின் ஜனத்தொகை சுமார் 1,75,000. 2022இல் அது 50,000க்கும் கீழே இறங்கிற்று. ரியால்ட்டோப் பாலத்தருகே ஒரு மருந்துக்கடைக்காரர் 2008 முதல் தம் கடை ஜன்னலில் அன்றன்றைய ஜனத்தொகையை எண்களால் காட்டலானார். வெள்ளம் ஒரு காரணம்தான். 1966 நவம்பர் 4ஆம் தேதி நீர் 194 செ.மீ. உயர்ந்தது, 2019 நவம்பரில் 187 செ.மீ. ஆனால் கடல் வாயில்களில் அமைத்த மோசே என்னும் தடுப்புக் கதவுகள் 2020 அக்டோபர் 3ஆம் தேதி முதல் பெருநீரைத் தடுத்து வருகின்றன. தடுக்க முடியாதது வீட்டு வாடகையே. உல்லாசப் பிரயாணிக்கு ஒரு வாரம் விடும் அறை, ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் விடும் வீட்டைவிட அதிகம் ஈட்டுமானால், குடும்பம் எங்கே போகும்? 2023இல் பிரயாணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடிமக்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. 2024இல், ஏப்ரல் 25 தொடங்கி, குறிப்பிட்ட சில நாட்களில், காலையில் வந்து மாலையில் திரும்பும் பிரயாணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கலாயினர்.

வெளியேறிய குடும்பங்களிற் பல, பாலத்தின் மறுகரையிலுள்ள மெஸ்த்ரே என்னும் ஊரில் வசிக்கின்றன. ரயிலில் பத்து நிமிஷப் பிரயாணந்தான். அதே மெஸ்த்ரேயில் ஸ்டேஷனை அடுத்த வீதிகளில் வங்காளதேசத்தவர் பலர் குடியேறி, மளிகைக் கடையும் தொழுமிடமும் அமைத்துக்கொண்டுள்ளனர். அவர்களுட் சிலர் மார்கேராக் கப்பல் கட்டும் துறையில் இரும்பைப் பற்றவைக்கின்றனர். சிலர் வெனிஸ் ஹோட்டல்களின் சமையற்கட்டில் வேலை பார்க்கின்றனர். பாட்டன் பிறந்த ஊருக்கு வேலையாளாகத் திரும்பும் வெனிஸ்காரரும், டாக்காப் பக்கத்திலிருந்து வந்த சமையற்காரரும் காலையில் ஒரே வண்டியில் ஏறி, அந்த 222 வளைவுகளைக் கடந்து போகின்றனர். வேலைக்குப் போவதால் இருவருக்குமே அந்த நுழைவுக் கட்டணம் இல்லை.