கிராம்பு போடாத கிராம்பு மணம்

பெல்ஜியத்தின் தெற்கே, ஸ்கூர்மோன் மடத்துத் துறவிகள் முதலில் கிறிஸ்துமஸுக்கென்று ஒரு கரும்பழுப்பு பியர் காய்ச்சினார்கள். இன்று ‘சிமே புளூ’ என்ற பெயரில் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. புட்டியைத் திறந்தால் கிராம்பும் மிளகும் உலர்திராட்சையும் மணக்கும். முதன்முறை குடிப்பவர், மசாலா போட்டுத்தான் காய்ச்சியிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்வார். லேபிளில் கிராம்பும் இல்லை, மிளகும் இல்லை.

எல்லாம் ஈஸ்ட் பார்க்கும் வேலை. மால்ட்டிலுள்ள ஃபெருலிக் அமிலத்தை இந்தப் பியரில் சேரும் ஈஸ்ட் கிராம்பு வாசமுள்ள பீனாலாக மாற்றுகிறது. வாழைப்பழ வாடை தருவது எஸ்டர்கள். இந்த ரக பியர்களில் அத்திப்பழச் சாயலும் கருநிறமும் மால்ட்டாலும், கருகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகாலும் வருகின்றன. சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்துவிடுவதால், 9 சதவீத ஆல்கஹால் இருந்தும் திகட்டுவதில்லை.

நிஜமாகவே மசாலா சேர்ப்பவர்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் 1997-இல் தொடங்கிய ஓமகாங் ஆலையின் அபே ஏலில் அன்னாசிப்பூ, அதிமதுரம், ஆரஞ்சுத் தோல், தனியாவோடு சீரகமும் உண்டு. பவேரியாவின் 1516-ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பியர் என்றே ஒப்புக்கொண்டிருக்காது. பெல்ஜியத்தில் அப்படியொரு தடை வேரூன்றவில்லை.

பியர் போட்டி நடுவருக்குத் தலைவலி இங்கேதான். நாக்கில் தெரிகிற மசாலா ஈஸ்ட் தந்ததா, டப்பாவிலிருந்து வந்ததா?

1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஜேசிபி என்ற பியர் நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10, வாயில் உணரும் கனத்துக்கு 5. பளபளக்கும் நிறத்துக்கும் நுரைக்கும் சேர்த்து வெறும் 3! ஊற்றிய உடனே மோந்து பார்ப்பது நடுவர்களின் வழக்கம். சீக்கிரம் ஆவியாகும் மணங்கள் காத்திருக்காது. பியர் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தாலும் மணம் எழாது. சுமார் 12 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். ஒரு மடக்கு விழுங்கியபின் மூக்கு வழியே மூச்சை விட்டால், தொண்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மிளகு வெளியே வரும்.

நனைந்த அட்டை வாடை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. நகப்பாலிஷ் நெடியடித்தால் நொதித்தலில் சூடு மீறியிருக்கலாம். தொண்டையில் ஆல்கஹால் எரிந்தாலும் மதிப்பெண் குறையும்.

மசாலா விஷயத்தில் அளவுகோல் எளிது. எல்லாம் கலந்து ஒரே மணமாக நின்றால் நல்ல கை. முதல் வாயிலேயே “இது அன்னாசிப்பூ” என்று பெயர் சொல்ல முடிந்தால் கை மீறிவிட்டது. ஆனாலும் அதே பியரை மசாலா பியர்களுக்கான தனிப் பிரிவில் சேர்த்தால், அதே அன்னாசிப்பூ மணத்துக்காகவே பரிசும் கிடைக்கக்கூடும்.