இரும்பில்லாத அத்திவாரம்

உரோமாபுரியில் பாந்தியோன் என்னும் பழம்பெருங் கோயில் ஒன்று உண்டு. ஹாட்ரியன் பேரரசன் காலத்தில், கி.பி. 126ஆம் ஆண்டையொட்டி முற்றுப்பெற்ற அதன் கவிகை மாடம் 43 மீற்றர் அகலமுடையது, கொங்கிறீற்றால் ஆயது. ஏறத்தாழ 1900 ஆண்டுகள் கழிந்தும் அது நிற்கின்றது. இக்காலத்து மாடிக் கட்டடங்களோ பெரும்பாலும் 50 ஆண்டு வாழ்வைக் கணக்கிட்டே வரையப்படுகின்றன. பண்டையோர் அறிந்த இரகசியம் ஏதோ மறைந்துபோயிற்று என்று பலர் எண்ணுவர். ஆயின், வேறுபாட்டிற்குப் பெருங்காரணம் அவர்கள் இடாத ஒரு பொருளை இக்காலத்தார் இடுவதே. அஃது இரும்பு.

கொங்கிறீற்று அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. உள்ளே உருக்குக் கம்பி வைத்தமையாலேயே மெல்லிய தளங்களும் நீண்ட உத்தரங்களும் கைகூடின. சீமெந்தின் காரத்தன்மை அக்கம்பியைத் துருவினின்று காக்கும். காலஞ் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகுந்து அக்காவலைக் கெடுக்கின்றது. கடற்கரையூர்களில் உப்பு இதனினும் விரைந்து வேலை செய்யும். கடல்மணலைக் கழுவாது கலப்பவர் அவ்வுப்பைத் தம் கையாலேயே உள்ளே இட்டு மூடுகின்றனர். துருவானது தான் தோன்றிய இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வது. அது பருக்கக் கொங்கிறீற்று வெடிக்கும். வெடிப்பின் வழியே நீர் இறங்கும். தளத்தின் அடியிற் பெயரும் சாந்தைப் புதுப்பூச்சால் மறைப்போர் பலர். நோயோ உள்ளே கம்பியில் இருக்கின்றது.

கம்பியின்றி இன்று கட்டவியலுமா? ஹவாயைச் சேர்ந்த கவாய்த் தீவில் முயன்று பார்த்தனர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள், ஆயிரம் ஆண்டு நிலைக்கத்தக்க கருங்கற் சிவாலயம் ஒன்றை அங்கே எழுப்ப விரும்பினார். கலிபோர்னியாப் பேராசிரியர் குமார் மேத்தா வகுத்த அத்திவாரம் 1999இல் வார்க்கப்பட்டது. அதிற் கம்பி இல்லை. சீமெந்திற் பாதிக்கு மேற்பட்ட பங்கிற்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பல் சேர்க்கப்பட்டது. உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்ததை இது நினைவூட்டும். இத்தகைய கலவை மெல்ல இறுகும். உள்வெப்பம் குறைவு, ஆதலின் வெடிப்பும் குறைவு. கணபதி ஸ்தபதி வகுத்த கோயிலுக்குரிய கற்கள் இந்தியாவிற் கையாற் செதுக்கப்பட்டுக் கப்பலேறின. குடமுழுக்கு நிகழ்ந்தது 2023இல். சுவாமிகள் 2001இலேயே சமாதியடைந்திருந்தார்.

இவ்வழியில் அடுக்குமாடி எழுப்ப இயலாது. அகன்ற தட்டைக் கூரையும் இல்லை. விரைவும் இல்லை. மேலும், உரோமர் கட்டியவற்றுள் விழுந்தவையே மிகுதி. நின்றவை மட்டும் இன்று கண்ணிற் படுகின்றன. பாந்தியோன் தப்பியதற்கு அதன் 6 மீற்றர் தடித்த சுவர்கள் மட்டும் காரணமல்ல. கி.பி. 609இல் அது கிறித்தவ ஆலயமாக்கப்பட்டது. அன்றுதொட்டு அதனைப் பேணுவோர் இருந்து வந்தனர். இன்றும் அங்கு வழிபாடு நடைபெறுகின்றது.