ஐம்பதில் ஒன்று

ஜார்ஜ்டவுனின் ஜாலான் குர்துவாராவில் 1947இல் கட்டப்பட்ட பழைய பேருந்துப் பணிமனைதான் ஹின் பஸ் டிப்போ. லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஜக்கரேவிச்சின் தனிக் கண்காட்சியோடு 2014 ஜனவரியில் அது கலைக்கூடமானது. பெயரைச் சொன்னால் தெரியாவிட்டாலும், ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012இல் அவர் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பினாங்கில் தெரியாதவர் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போவில் சந்தை கூடும். இப்படிப்பட்ட ஒருநாள் கடைகளில் அச்சு ஓவியம் ஒன்றைக் கையிலெடுத்தால், கீழ் ஓரத்தைப் பாருங்கள். பென்சிலில் 12/50 என்று இருக்கும், பக்கத்தில் கையெழுத்து.

மொத்தம் ஐம்பதுதான், அதில் இது ஒன்று என்று அர்த்தம். பன்னிரண்டாவதாக அச்சானது என்று நினைக்க வேண்டாம். மை காய்ந்த பிறகு கைக்கு வந்த வரிசையில் எண் போடுவது வழக்கம். ஓவியர் தனக்கென ஒதுக்கும் சில பிரதிகளில் எண்ணுக்குப் பதில் ‘ஏ.பி.’ என்றிருக்கும்.

பூசையறை லட்சுமி படத்தில் இந்த எண்ணெல்லாம் கிடையாது. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகம் அத்தகைய படங்களை எத்தனை வீடுகளுக்கு எட்டுமோ அத்தனைக்கும் அச்சடித்தது. அப்படியிருக்க, வேண்டுமென்றே ஐம்பதில் நிறுத்துவானேன்?

முதலில் அது தகட்டின் பலவீனம். செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறினால், கோட்டின் ஓரத்தில் உலோகம் பிசிறாக எழும்பி நிற்கும். மையைப் பிடித்து வெல்வெட் போன்ற கருமை தருவது அந்தப் பிசிறுதான். அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் சில பத்துப் பிரதிகளுக்குள் அது மழுங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது லினோவில் (லினோலியம்) செய்யும் ஒரு முறை. ஒரே லினோ பலகை. வெளிர் நிறத்தை அச்சடித்து, அந்த நிறமாகவே இருக்கவேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதே தாள்கள்மேல் அடுத்த அடர்நிறம், மறுபடி செதுக்கல். கடைசி நிறத்துக்கு வரும்போது பலகையில் பெரும்பகுதி போயிருக்கும். ஐம்பது தாளோடு தொடங்கியவர் ஐம்பத்தொன்றாவதைப் பிறகு அடிக்கவே முடியாது. நிறம் விலகி வீணாகும் தாள்களும் உண்டு. அதனால் அனுபவசாலிகள் கூடுதல் தாளோடு இறங்குவார்கள்.

ஸ்க்ரீன் பிரிண்டில் நூற்றுக்கணக்கில் அடிக்கலாம். கணினிக் கோப்பிலிருந்து இங்க்ஜெட்டில் எடுக்கும் படத்துக்கோ இயற்கையான எல்லையே இல்லை. அங்கே ‘50’ என்பது ஓவியர் கொடுத்த வாக்கு மட்டும்தான். பழைய பட்டறைகளில் பதிப்பு முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறிப் பாழாக்குவார்கள். கோப்பை அப்படிக் கீறிக் காட்ட முடியாது.

ஆகவே ரிங்கிட்டை எடுக்குமுன் விற்பவரிடம் கேளுங்கள்: எந்த முறையில் அச்சானது? தாள் அமிலமற்றதா? இதே படம் வேறு அளவில் தனிப் பதிப்பாக வருகிறதா? மூன்றாவது கேள்விக்கு விற்பவர் மழுப்பினால், நான் வாங்கமாட்டேன். பினாங்கின் ஈரக்காற்றில் தாள் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வாங்கினால், கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள்.