தீவுகளின் கடல்நிலை: வாராந்தர முன்னறிவிப்பை அறியும் முறை

ஏப்ரல், மே மாதங்களில் லட்சத் தீவுகளின்மேல் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். காற்றும் மெல்லவே வீசும். இத்தகைய அமைதியான நாளொன்றில், யாரும் எதிர்பாராத வகையில், பேரலைகள் பவளப்பாறையைத் தாண்டிக் கரைக்குள் புகுவதுண்டு. அருகில் புயல் இல்லை, மழையும் இல்லை, ஆயினும் கடல் பொங்குகின்றது. திருடனைப்போல் சொல்லாமல் வருவதால் இதனைக் கேரளக் கரையோர மீனவர் 'கள்ளக்கடல்' என்று அழைக்கின்றனர். இந்த நாட்டுப்புறச் சொல்லே இன்று கடலியல் அறிஞர்களின் வழக்கிலும் இடம் பெற்றுவிட்டது.

வானத்தைப் பார்த்துக் கடலை மதிப்பிடுவது தீவுகளில் போதாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. அடுத்த வாரத்தில் ஒரு தீவைச் சூழ்ந்த கடல் எவ்வாறிருக்கும் என்பதை இரு காரணங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, அத்தீவின் அருகே வீசும் காற்று. மற்றொன்று, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சில நாட்களுக்கு முன்னரே வீசி ஓய்ந்த காற்று. முன்னறிவிப்பைப் படிப்போர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

இருவகை அலைகள்

அருகில் வீசும் காற்றினால் எழும் அலைகள் ஒழுங்கற்றவை, குறுகியவை. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்குப் பெரும்பாலும் பத்து விநாடிக்கும் குறைவான நேரமே ஆகும். காற்று தணிந்தால் இவையும் விரைவில் தணியும்.

தொலைவிலிருந்து வரும் அலைகளின் இயல்பு வேறு. தென்னிந்து சமுத்திரத்தில், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடற்பகுதியில், ஆண்டு முழுவதும் கடும் புயல்கள் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்கின்றன. அங்கே எழும் அலைகளில் நீண்டவை, தாம் பிறந்த புயலை விட்டு நீங்கி வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. அவற்றின் இரு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரம் 15 முதல் 20 விநாடி வரை இருக்கலாம்.

அலையின் கால அளவு நீளுமளவுக்கு அதன் வேகமும் மிகும். ஆழ்கடலில் 8 விநாடி அலைகளின் ஆற்றல் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் பரவுகின்றது. 18 விநாடி அலைகளின் ஆற்றலோ மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர் வீதம், பரவுகின்றது. தெற்கு அட்சரேகை 45 பாகையிலிருந்து லட்சத் தீவுகள் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஆகவே அங்கு இன்று எழும் நீண்ட அலைகள் இங்கு வந்துசேர ஐந்து நாட்களாகும். அடுத்த வாரத்தின் அலைகளுள் ஒரு பகுதி ஏற்கெனவே புறப்பட்டு வழியில் உள்ளது எனலாம்.

உயரம் மட்டும் போதாது

முன்னறிவிப்பில் கூறப்படும் அலை உயரம், எழும் அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியாகும். தனியொரு அலை இதனைப்போல் இரு மடங்கு உயரம் வரை எழக்கூடும். '2 மீட்டர்' என்ற குறிப்பைக் கண்டு, 2 மீட்டருக்கு மேல் அலை வாராது என்று கொள்வது பிழை.

அலையின் கால அளவையும் உடன் நோக்குதல் அவசியம். 8 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். 18 விநாடி அலையின் நீளமோ 500 மீட்டர். ஆழ்கடலில் செல்லும் படகுக்கு இத்தகைய நீண்ட அலை மெல்ல ஏறி இறங்கும் மேடாகவே தோன்றும், அபாயம் புலப்படாது. ஆழம் குறைந்த இடத்தை அடைந்ததும் அது வேகம் குன்றி உயர்ந்து, பெருந்திரளான நீரைக் கரையின்மேல் ஏற்றும். ஒரே உயரமுள்ள அலைகளானாலும், 18 விநாடி அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் 8 விநாடி அலையினதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதத்துடன் இது சேருமாயின் பாதிப்பு மேலும் பெருகும்.

லட்சத் தீவுகள் 36. அவற்றில் மக்கள் வாழ்பவை 10. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டரே. தரை கடல்மட்டத்திற்குச் சில மீட்டரே மேலுள்ளது. மக்கள் பருகும் கிணற்று நீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரேயாகும். கடல்நீர் ஒருமுறை உட்புகுந்தால் படகுகளும் வீடுகளும் மட்டுமன்றி இந்நன்னீரும் கெடும். அடுத்த பெருமழைகள் பெய்து மீண்டும் நிரப்பும் வரை அல்லல் நீடிக்கும். லட்சத் தீவுகளுக்குத் தெற்கேயுள்ள மாலத்தீவு நாட்டில் 2007-ம் ஆண்டு மே மாதம் இத்தகைய தொலைதூர அலைகள் பல தீவுகளுக்குள் புகுந்து குடியிருப்புகளுக்குச் சேதம் விளைத்தன.

அந்தமான், நிக்கோபார் தீவுகளில் கடற்கரையின் திசையும் கருதத்தக்கது. மேற்குக் கரைகள் தென்மேற்கிலிருந்து வரும் அலைகளை நேரே ஏற்கின்றன. கிழக்குக் கரைகளுக்குத் தீவுகளே அரணாகின்றன. மேலும், தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை அடைவதற்கு முன்னரே, மே மாதத்தின் நடுப்பகுதியை ஒட்டி, இத்தீவுகளை எட்டிவிடுகின்றது.

புயலும் முன்னறிவிப்பின் எல்லையும்

தொலைதூர அலைகளைச் சில நாட்கள் முன்னரே கணிக்கலாம். அருகில் உருவாகும் புயலை அவ்வளவு எளிதாகக் கணிக்க இயலாது. 2017-ம் ஆண்டு நவம்பர் இறுதியில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஏறத்தாழ ஒரு நாளில் வலுப்பெற்று, நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே 'ஒக்கி' என்னும் புயலாயிற்று. அடுத்த இரு நாட்களில் அது லட்சத் தீவுகளைக் கடந்தது. முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலருக்குச் செய்தி சென்று சேரவில்லை; பலர் திரும்பவேயில்லை. கரைக்கு எட்டும் எச்சரிக்கை கடலிலுள்ள படகுக்கும் எட்டவேண்டும் என்பதை நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் மீனவருக்குச் செய்தி அனுப்பும் கருவி 2019-ல் அறிமுகமாயிற்று.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மீனவர் எச்சரிக்கைகளையும் புயல் அறிவிப்புகளையும் வெளியிடுகின்றது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், கால அளவு, திசை, நீரோட்டம் ஆகியவற்றைக் கணித்து அறிவிக்கின்றது. மிதவைகளும் செயற்கைக்கோள்களும் தரும் அளவீடுகள் இக்கணிப்புகளைச் சரிபார்க்க உதவுகின்றன. இருப்பினும், முதல் மூன்று நாட்களுக்கான காற்றுக் கணிப்பே உறுதி மிக்கது; அதன்பின் வரும் நாட்களுக்கு அது ஒரு போக்கினையே காட்டும். ஆதலால் திங்களன்று படித்த அறிவிப்பை வெள்ளியன்று நம்பிக் கடலேறுதல் கூடாது. நாள்தோறும் புதிய அறிவிப்பைப் பெறுதல் வேண்டும்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

களப்பணி ஊழியர் அறிவிப்பை மக்களுக்கு எடுத்துரைக்கையில், காற்றின் வேகம், அலை உயரம், அலையின் கால அளவு, உயர் ஓத நேரம் ஆகிய நான்கையும் சேர்த்துச் சொல்லுதல் நலம். கால அளவு 15 விநாடிக்கு மேற்படும் எனக் குறிப்பு வந்தால், வானம் தெளிந்திருப்பினும், படகுகளை மேட்டில் ஏற்றவும், கரையோரத்தில் சிறுவர் விளையாடுவதைத் தவிர்க்கவும், தாழ்ந்த கிணறுகளைச் சுற்றி மண்ணணை இடவும் அறிவுறுத்தலாம்.

பள்ளி ஆசிரியர் இதனை எளிய சோதனையால் விளக்கலாம். பாதுகாப்பான மேட்டில் மாணவரை நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட பாறையை முதல் முகடு தொடும்போது கடிகாரத்தை நோக்கி, பதினோராவது முகடு தொடும்போது மீண்டும் நோக்கச் செய்க. இடைப்பட்ட விநாடிகளைப் பத்தால் வகுத்தால் அலையின் கால அளவு கிடைக்கும். காற்றில்லாத நாளில் விடை 15-க்கு மேல் வருமாயின், அவ்வலை எங்கோ தென்கடற் புயலொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று மாணவர் ஊகிப்பர். நாள்தோறும் இவ்வளவைக் குறித்து, அறிவிப்புடன் ஒப்பிட்டு வருவாராயின், எண்களாகத் தோன்றும் அறிவிப்பு அவர்களுக்குக் கடலின் மொழியாகவே விளங்கும். அம்மாணவர் வீடு திரும்பித் தந்தையிடம், "வானம் தெளிந்திருக்கிறது, கடல் எப்படி என்று கேட்டீர்களா?" என்று வினவுவாராயின், அக்கல்வி பயன் தந்ததாகும்.