முடங்கிய கடையை மீண்டும் திறக்க

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்பவரின் கணக்கு முடக்கப்பட்டால் அவருடைய பொருள் வாங்குவோர் கண்ணில் படாது. புதிய ஆர்டர் வராது. ஏற்கெனவே விற்ற சரக்குக்கான பணமும் பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்படும். தளத்தின் கிடங்கில் ஸ்டாக் வைத்திருந்தால் அதற்கான வாடகை ஏறிக்கொண்டே போகும். கடன் வாங்கிச் சரக்கு எடுத்த சிறு வியாபாரிக்கு இது தொழிலையே ஆட்டம் காண வைக்கும் அடி. அந்தப் பதற்றத்தில் அவசரமாக எழுதி அனுப்பும் முதல் கடிதம்தான் பலருக்கு மீட்பைக் கடினமாக்கிவிடுகிறது.

முடக்கத்தின் வகை தெரியாமல் பதில் எழுதக்கூடாது. எளிதில் தீரக்கூடியது ஆவணச் சிக்கல். பான் கார்டில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்துக்கூட்டு, ஜி.எஸ்.டி. சான்றிதழில் பழைய முகவரி என்று இருந்தாலே சரிபார்ப்பு நின்றுவிடும். வெளிமாநிலத்துக்கும் சரக்கு அனுப்புபவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். மாதந்தோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியவர் தொடர்ந்து 6 மாதம் விட்டுவிட்டால் அந்தப் பதிவை அதிகாரி ரத்து செய்யலாம். செல்லாத எண்ணை வைத்துத் தளத்தில் விற்க முடியாது. அந்த நிலையில் தளத்துக்கு எத்தனை கடிதம் எழுதியும் பயனில்லை. முதலில் ஆடிட்டரைப் பார்த்து நிலுவை ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து, வரியையும் தாமதக் கட்டணத்தையும் கட்டி, ரத்தை நீக்கக் கோரி 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது சேவைக் குறைபாடு. அமேசானில் மோசமான மதிப்பீடு, பணம் திரும்பக் கேட்கும் உரிமைகோரல் போன்றவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ஆர்டர் குறைபாட்டு விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தாமதமாக அனுப்பியவை 4 சதவீதத்துக்குள்ளும், விற்பவரே ரத்து செய்தவை 2.5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். குறைபாட்டு விகிதம் 60 நாள் ஆர்டர்களை வைத்துப் பார்க்கப்படுகிறது. அந்த 60 நாளில் 100 ஆர்டர் மட்டுமே பெற்றவருக்கு ஒரே ஒரு புகார் வந்தாலும் விகிதம் எல்லையைத் தொட்டுவிடும். ஆயிரக்கணக்கில் விற்பவருக்கோ அது கணக்கிலேயே தெரியாது. சிறியவரை இந்த அளவுகோல் கூடுதலாக வதைக்கிறது என்பதே உண்மை.

பொருள் அசலானதா என்ற சந்தேகத்தில் வரும் முடக்கம் இன்னும் கடினமானது. பிராண்ட் உரிமையாளர் புகார் தந்திருந்தால் தளம் கொள்முதல் இன்வாய்ஸைக் கேட்கும். வழக்கமாகக் கடந்த 365 நாட்களுக்குள் வாங்கியதற்கான பில். அதில் சப்ளையரின் முகவரியும் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும், வாங்கியவர் பெயர் விற்பனைக் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும், வாங்கிய எண்ணிக்கை விற்ற எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க வேண்டும். கொள்முதல் விலையை மறைத்து அனுப்பலாம். ஆனால் தேதியையோ எண்ணிக்கையையோ திருத்தி அனுப்புவது மோசடி. திருத்திய பில் என்று தெரிந்தால் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும்.

மேல்முறையீட்டுக் கடிதத்தில் தளம் தேடுவது மூன்று விடைகள்: தவறு எதனால் நேர்ந்தது, இதுவரை என்ன சரிசெய்யப்பட்டது, இனி நேராமல் தடுப்பது எது. சைஸ் சரியில்லை என்ற புகார்களால் முடங்கிய திருப்பூர் டி-ஷர்ட் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். “பல ஆண்டுகளாக நேர்மையாகத் தொழில் செய்கிறோம், இதை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன, கருணை காட்டுங்கள்” என்று அவர் எழுதினால் அது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதில் விடை இல்லை. மாறாக, “காம்பாக்டிங் சரியாக ஆகாத ஒரு லாட் துணியில் தைத்ததால், எம் சைஸ் டி-ஷர்ட்கள் துவைத்ததும் சுருங்கின. அந்த லாட்டில் மீதியிருந்த பீஸ்களை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம். புகார் தந்த அனைவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இனி ஒவ்வொரு லாட்டிலும் மாதிரித் துண்டைத் துவைத்து, சுருக்கத்தை அளந்த பிறகே கட்டிங்குக்கு அனுப்புவோம்” என்று எழுதி, பணம் திருப்பிய விவரத்தையும் அளவுப் பதிவேட்டின் படத்தையும் இணைத்தால் பரிசீலிப்பவர் முடிவெடுக்க வழி பிறக்கிறது. வாடிக்கையாளர் மீதோ கூரியர் மீதோ பழிபோடும் வரிகளை எடுத்துவிடுவது நல்லது. ஒரு பக்கம் போதும்.

அனுப்பியபின் காத்திருக்க வேண்டும். பதில் வருவதற்குள் அதே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் பலனில்லை; நிராகரித்தால், அவர்கள் எதைப் போதாது என்றார்களோ அதற்கான புதிய ஆதாரத்துடன்தான் மறுபடி எழுத வேண்டும். மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ இன்னொரு கணக்கைத் திறப்பது பெரும் தவறு. முகவரி, வங்கி விவரம், கணினி ஆகியவற்றின் ஒற்றுமையைக் கொண்டு தளம் இரண்டையும் இணைத்துப் பார்க்கும், இரண்டும் மூடப்படும். தளத்துக்குள் ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்பவர்களையும் ஒதுக்க வேண்டும். கணக்கு முடங்கிவிட்டதாகவே போலி மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லைத் திருடுவோரும் உண்டு. மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், தளத்துக்குள் நேராக நுழைந்து அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

காரணமே சொல்லாமல் கணக்கை மூடும் வழக்கத்துக்கு ஐரோப்பாவில் சட்டம் கடிவாளம் போட்டது. ஜெர்மனியின் போட்டி ஆணையம் நடத்திய விசாரணையை அடுத்து, 2019-ல் அமேசான் தன் ஒப்பந்த விதிகளை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இயற்றி, 2020 ஜூலை 12 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, கட்டுப்படுத்தும்போதே காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றது. கணக்கை அடியோடு மூடுவதென்றால், சில விதிவிலக்குகள் தவிர, 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளிலும் குறைதீர் அதிகாரி உண்டு. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் அந்தக் கெடு வாங்குவோரின் புகாருக்காக எழுதப்பட்டது. விற்பவரின் பிழைப்பும் அதே தளத்தில்தான் இருக்கிறது. காரணம் கேட்கவும் கால வரம்புக்குள் பதில் பெறவும் அவருக்கும் சட்டத்தில் உரிமை எழுதப்பட வேண்டும்.