அட்டையும் ஆளும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நாம் அனுபவத்தால் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஆள் ஊர் விட்டு ஊர் செல்வான். அவனுடைய ரேஷன் அட்டை செல்லாது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் பெறும் உரிமையை அளித்தது. ஆயினும் மாநில எல்லையைத் தாண்டினால் அவ்வுரிமை பயனற்றுப் போயிற்று. திட்டம் வகுத்தோர், ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவனையே மனத்திற் கொண்டிருந்தனர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, தொழிலாளர் திரள்திரளாக நெடுஞ்சாலைகளில் நடந்தனர். அப்பொழுது இக்குறை நாடறியப் புலனாயிற்று.

2019 ஆகஸ்டு மாதம் நான்கு மாநிலங்களில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாடு, 2021இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால் விரைவு பெற்றது. 2022 ஜூனில் நாடெங்கும் பரவிற்று. உரிமை இப்பொழுது ஆளைத் தொடர்கிறது. ஆனால் மத்தியச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைகளுக்கே இவ்வசதி உண்டு. தமிழ்நாட்டில் அரிசி பெறும் ஏனைய அட்டைகள் வெளிமாநிலங்களில் செல்லா. மேலும், உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்க மறுத்தால், உரியவனே வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

ஆகவே, திட்டம் தீட்டுவோர் ஒருமுறையேனும் கடைவாசலில் நம்மோடு வரிசையில் நின்று பார்த்தல் நலம்.