உலக்கையை வரைந்த அரசு

புதுதில்லி:
உரல், உலக்கை, செக்கு, கலப்பை, செருப்பு. இவற்றையெல்லாம் பார்த்து வரைந்து வைப்பது ஓர் அரசின் வேலையா என்று இன்று கேட்கத் தோன்றும். அறுபதாண்டுகளுக்கு முன்பு அது அரசின் வேலையாகவே இருந்தது.

1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. இனி தேசத்தின் ஒற்றுமை என்னவாகுமோ என்று தலைநகரில் பலர் கவலைப்பட்ட காலம் அது. நவகாளியில் காந்தியடிகளுடன் இருந்தவரான நிர்மல் குமார் போஸ், 1959-இல் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். மேடைப்பேச்சில் விடை தேடாமல் குடிசைக்குள் தேடினார் அவர். நாட்டின் 322 மாவட்டங்களில் 311-க்கு ஆய்வாளர்கள் சென்றனர். வீட்டின் அமைப்பு, சமையல் எண்ணெய், நெல் குற்றும் கருவி, செக்கு, ஏர், உடை, காலணி, வண்டி ஆகியவற்றைப் பதிவு செய்தனர். 1961-இல் ஆய்வகம் வெளியிட்ட ‘பெசன்ட் லைஃப் இன் இந்தியா’ நூலில் இவை கோட்டுச் சித்திரங்களாகவும் வரைபடங்களாகவும் இடம்பெற்றன.

புகைப்படம் இருக்கச் சித்திரம் எதற்கு? செக்கின் உலக்கை எந்தக் கோணத்தில் சாய்கிறது, கலப்பையின் மரங்கள் எங்கே பொருந்துகின்றன என்பதை நிழலும் வெளிச்சமும் மறைத்துவிடும். பென்சில் கோடு மறைக்காது.

கிடைத்த விடை இரு தரப்புக்கும் சங்கடமானது. பொருள்களின் எல்லைகள் மொழிகளின் எல்லைகளோடு பொருந்தவில்லை. ஒரே மொழிக்குள் இரு வகைக் கருவிகள் இருந்தன. மொழி மாறியும் கருவி மாறாத இடங்களும் இருந்தன. இந்திய ஒற்றுமையைப் போஸ் ஒரு பிரமிடுக்கு ஒப்பிட்டார்: அன்றாடப் பொருள்கள் நிறைந்த அடித்தளத்தில் வேற்றுமை மிகுதி, மேலே செல்லச் செல்லக் குறைவு. ஒரே அச்சில் வார்த்தால்தான் நாடு நிலைக்கும் என்போர் இந்த நூலைப் புரட்டியதாகத் தெரியவில்லை. எல்லாமே தமக்கு மட்டும் உரியது என்போரும்தான்!

அதே காலத்தில், அசோக் மித்ரா தலைமையில் நடந்த 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் எண்களோடு நிற்கவில்லை. கிராம ஆய்வு நூல்களுக்காக, வீட்டுச் சாமான்களும் சேமிப்புக் கலங்களும் அணிகலன்களும் விவரமாகக் குறிக்கப்பட்டன.

2001 கணக்கெடுப்பில் கேள்வி மாறியது. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, சைக்கிள், ஸ்கூட்டர், கார் உண்டா, இல்லையா? பட்டியலில் உள்ள எதுவுமே இல்லாத குடும்பங்கள் அப்போது 34.5 சதவீதம். கணினியும் சேர்க்கப்பட்ட 2011-இல் 17.8 சதவீதம், அதாவது நான்கு கோடிக்கும் அதிகமான குடும்பங்கள்.

அந்த வீடுகளிலும் அடுப்பு எரிந்தது, பானை இருந்தது. அந்தப் பட்டியலில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.